வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவே ஒரு வகுப்பறை

டிசம்பர் பிறந்துவிட்டால் பாம்பன் சாலைப் பாலத்தில் கல்லூரிப் பேருந்துகள் வரிசை கட்டத் தொடங்கும். முன்கண்ணாடியில் ‘கல்விச் சுற்றுலா’ என்று ஒட்டிய தாள், ஜன்னலோரம் காயும் துண்டுகள், உள்ளே பாட்டு. விடியலில் அக்னி தீர்த்தம், பிறகு கோயிலின் 22 தீர்த்தங்கள், வெயில் ஏறும் முன் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை, சாப்பாட்டுக்குப் பின் பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம். திரும்பும் வழியில் மண்டபம் முகாமில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சியகம். அங்கே அரைமணி நேரம். ஊர் சேர்ந்ததும் சில பக்க அறிக்கை, குழுப்படம், உள்மதிப்பீட்டு மதிப்பெண். பாடத்திட்டம் கேட்ட களப்பயணம் முடிந்துவிட்டது.

அந்தப் பேருந்துகளில் வருகிறவர்களில் பாதிப் பேர் விலங்கியலோ தாவரவியலோ நுண்ணுயிரியலோ படிக்கிறவர்கள். அவர்கள் பாலத்தின் மேலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் நீர்ப்பரப்பு சாதாரணமானது அல்ல. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை நீளும் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். 1989-இல் அதையும் உள்ளடக்கி 10,500 சதுர கிலோமீட்டர் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பவள இனங்கள், கடல்புல் வெளிகள், அந்தப் புல்லை மேயும் ஆவுளியா என்ற கடற்பசு, ஆமை, சங்கு, முத்துச்சிப்பி என்று பாடப்புத்தகத்தின் முதல் அலகிலிருந்து கடைசி அலகு வரை உயிரோடு கிடக்கும் இடம் இது. அதை அரைமணி நேரத்தில் கண்ணாடித் தொட்டிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அழைத்து வரும் பேராசிரியர்களில் பலர் தம் கைக்காசு போட்டு, பெற்றோருக்கு உத்தரவாதம் கொடுத்து, இரவு முழுக்க விழித்திருந்து கூட்டி வருகிறவர்கள். குறை ஏற்பாட்டில் இருக்கிறது. ஓட்டுநரின் நேரமும் விடுதி வாடகையும் தேர்வுத் தேதியும்தான் பயண நிரலைத் தீர்மானிக்கின்றன. கடலுக்கோ தனக்கென ஒரு நேரக்கணக்கு உண்டு. தண்ணீர் வற்றும் நேரத்தில்தான் பவளப் பாறைத் திட்டான பார் வெளியே தெரியும். பேருந்து வந்து நிற்கும் நேரத்தில் கடல் ஏறியிருந்தால், வந்தவர்களுக்கு மிஞ்சுவது நீலமாய் ஒரு பரப்பு மட்டுமே.

இந்தக் கரை வெளியூர் மாணவர்களை வரவேற்கத் தெரியாத கரையும் அல்ல. நூறாண்டுக்கு முன்பே அதை முறையாகச் செய்து காட்டிய கரை இது.

குருசடை

குந்துகால் கரையில் நின்றால் கண்ணுக்குத் தெரியும் தீவு குருசடை. 1897 ஜனவரி 26 அன்று அமெரிக்கப் பயணத்திலிருந்து திரும்பிய விவேகானந்தர் கால் பதித்தது குந்துகாலில். அந்த நினைவு மண்டபத்துக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் எதிரே இருக்கும் தீவை அறிவார்கள் என்று யோசிப்பேன். விலங்கியல் படித்தவர்களுக்கு மட்டும் அந்தப் பெயர் கேட்டதுமே உடம்பு சிலிர்க்கும். உயிரியலாளரின் சொர்க்கம் என்று அதை அழைப்பார்கள்.

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் 1880-களின் பிற்பகுதியிலேயே பாம்பனுக்கும் ராமேஸ்வரத்துக்கும் வந்து உயிரினங்களைச் சேகரித்தார். முத்து, சங்குக் குளிப்பையும் மன்னார் வளைகுடாவின் உயிரினங்களையும் பற்றிய அவர் குறிப்புகள் 1890-இல் வெளியாயின. அடுத்த தலைமுறையில் எஃப்.எச். கிரேவ்லி காலத்தில், 1927-இல், குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களுக்கென்றே அருங்காட்சியகம் ஒரு தனித் தொகுதி கொண்டுவந்தது. கடற்பஞ்சிலிருந்து மீன் வரை ஒவ்வொரு பிரிவையும் அதற்குரிய வல்லுநர் எழுதினார். இந்தியப் பாசியியலின் தந்தை என்று போற்றப்படும் எம்.ஓ.பி. ஐயங்கார் அந்தத் தீவின் தாவரங்களைப் பற்றி எழுதியதும் அதே ஆண்டில்தான். ஒரு சின்னத் தீவுக்கு இப்படி ஒரு புத்தகம் அன்றைக்கு நம் நாட்டில் அபூர்வம்.

சென்னை மாகாண மீன்வளத் துறை அங்கே ஒரு கடல் உயிரியல் நிலையத்தை நடத்தியது. கல்லூரிகளின் விலங்கியல் துறைகளுக்கு வேண்டிய மாதிரிகளைப் பதப்படுத்தி அனுப்பியது. மாணவர் குழுக்கள் வந்து பார்த்துப் படித்துப் போயின. குறிப்பாக ஓர் உயிரினத்துக்காக வந்தார்கள். முதுகெலும்பற்றவைக்கும் முதுகுநாண் உள்ளவைக்கும் நடுவே நிற்கும் அரைநாணிகளைப் பற்றி எல்லா விலங்கியல் பாடத்திலும் ஒரு பகுதி இருக்கும். ‘பலனோகிளாசஸ்’ என்று படித்து, படம் வரைந்து, பாகம் குறித்து மதிப்பெண் வாங்காத விலங்கியல் மாணவர் கிடையாது. அந்த வகையைச் சேர்ந்த டைகோடெரா என்னும் புழு குருசடையின் மணலில் புதைந்து வாழ்கிறது. தொட்டால் துண்டுதுண்டாகும் மென்மையான உடம்பு. இந்த இனத்துக்கே உரிய மருந்து வாடை. வாடையைப் படத்தில் வரைய முடியாது. முழங்கால் நீரில் குனிந்து மணலைத் தோண்டியவருக்குத்தான் அது தெரியும்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தப் பெருமை மண்டபத்துக்கு நகர்ந்தது. 1947 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கிய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1949-இல் மண்டபம் முகாமுக்கு வந்தது. அந்தக் கட்டடங்கள் அதற்கு முன் இலங்கை அரசு நடத்திய தனிமைப்படுத்தும் முகாமின் கட்டடங்கள். தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளர்களை நிறுத்தி, பரிசோதித்து, கப்பலேற்றிய இடம். இன்றும் அதே மண்டபத்தில்தான் இலங்கைத் தமிழர்களுக்கான முகாம் இருக்கிறது. கடல் உயிரியல் படிக்க வரும் பிள்ளைகள் இந்த வரலாற்றின் நடுவே நடக்கிறார்கள். சொல்வதற்கு ஆள் இருந்தால் அதுவும் பாடமாகும்.

நிலையத்தின் தலைமையகம் 1971-இல் கொச்சிக்குப் போகும்வரை இந்தியக் கடல் அறிவியலின் தலைநகரம் மண்டபம்தான். இந்தியக் கடல் உயிரியல் சங்கம் 1958-இல் இங்கேதான் உருவானது. 1959 முதல் ஏறத்தாழ 11 ஆண்டுகள் ஒரு சோடி ஆவுளியாக்களை இங்கே தொட்டியில் வளர்த்தார்கள். கடல்புல்லைப் பறித்துப் போட்டு, அவற்றின் உணவையும் நடத்தையையும் குறித்து வைத்தார்கள். உலகில் வெகுசில இடங்களில்தான் அப்படியொரு வாய்ப்பு இருந்தது. இப்போதும் மண்டபம் வட்டார மையம் முடங்கிவிடவில்லை. கடல் விரால் மீனை 2010-இல் நாட்டிலேயே முதன்முறையாக இனப்பெருக்கம் செய்து குஞ்சு பொரிக்க வைத்தது இந்த மையம்தான். பக்கத்திலேயே மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் பாசி ஆய்வு நிலையம். புதுமடத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கடலோர ஆய்வு மையம், தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை. கட்டடத்துக்கும் அறிவுக்கும் இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் சொந்த வேலை இருக்கிறது. வெளியூர்க் கல்லூரியின் முப்பது பிள்ளைகளை நான்கு நாள் தங்கவைத்து, தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துக் கரைக்கு அழைத்துப்போய், இரவில் உட்கார்ந்து பேசவைப்பதையே முழுநேர வேலையாகக் கொண்ட இடம் என்று எதைச் சொல்வது?

மேசை கொடுத்த ஊர்

இத்தாலியின் நேப்பிள்ஸ் கடற்கரையில் 1872-இல் அந்தோன் டோர்ன் என்ற ஜெர்மானியர் ஒரு கடல் நிலையத்தைக் கட்டத் தொடங்கினார். அவருடைய யோசனை மிகவும் எளியது. பல்கலைக்கழகங்களும் அரசுகளும் ஆண்டுச் சந்தா கட்டி ஒரு ‘மேசை’யை எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் அனுப்பும் ஆய்வாளர் வந்தால் இடமும் கருவியும் நூலகமும் தயாராக இருக்கும்; கேட்ட உயிரினத்தை உள்ளூர் மீனவர்கள் காலையில் பிடித்து வந்து கொடுப்பார்கள். வருகிறவர் தன் மூளையைக் கொண்டுவந்தால் போதும். விருந்தினரை நம்பியே நடந்த அந்த நிலையத்துக்கு ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆய்வாளர்கள் வந்து குவிந்தார்கள்.

எனக்கு அந்தக் கதையில் டோர்னைவிடப் பிடித்தவர் சால்வத்தோரே லோ பியாங்கோ. பதினான்கு வயதில் வேலைக்குச் சேர்ந்த நேப்பிள்ஸ் பையன். எந்த உயிரினம் எந்த மாதம் எந்தப் பாறையில் முட்டையிடும் என்பதை மீனவர்களோடு பழகியே கற்றான். மென்மையான கடல் உயிரிகளை உருக்குலையாமல் பதப்படுத்தும் கலையில் உலகமே அவன் சொல்லைக் கேட்டது. அவன் எழுதிய பதப்படுத்தும் முறைகள் 1890-இல் அச்சாகிப் பல நாட்டு ஆய்வகங்களுக்கும் போயின. நிலையம் அவனை எடுபிடியாகவே வைத்துக்கொள்ளவில்லை. ஆசானாக்கியது.

இங்கிலாந்தில் 1943-இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, பள்ளி கல்லூரி மாணவர்கள் தங்கிப் படிக்கும் களநிலையங்களுக்காக ஓர் அமைப்பு தொடங்கினார்கள். அதன் முதல் நிலையம் 1946-இல் ஃபிளாட்ஃபோர்டில் ஒரு பழைய ஆற்றோர ஆலையில் திறந்தது. பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் இல்லை. படுக்கை, சமையலறை, காலணி கழுவத் தண்ணீர்க் குழாய், ஊரை அறிந்த ஆசிரியர், இவ்வளவுதான். அந்நாட்டில் பல தலைமுறை மாணவர்கள் புழு பூச்சிகளைப் பெயர் சொல்லி அழைக்கப் பழகியது அப்படிப்பட்ட இடங்களில்தான். நம் மாநிலத்திலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1961 முதல் பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்திலேயே மாணவர்களைக் குடிவைத்துக் கடல் உயிரியல் சொல்லிக்கொடுத்து வருகிறது. அங்கே படித்தவர்கள் நாடெங்கும் கடல் ஆய்வில் இருக்கிறார்கள். தங்கிப் படித்தால் பலன் உண்டு என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

இரண்டு கடல், இரண்டு பருவம்

மண்டபத்தில் நின்று வடக்கே பார்த்தால் பாக் நீரிணை. ஊர்க்காரர்களுக்கு அது வடகடல். தெற்கே மன்னார் வளைகுடா, தென்கடல். நடுவில் இருப்பது ஒரு மெல்லிய நிலத்துண்டு. நடந்தே இரண்டு கடலையும் பார்த்துவிடலாம். வாடைக்காற்று அடிக்கும் ஐப்பசி முதல் மாசி வரை வடகடல் கொந்தளித்துக் கலங்கிக் கிடக்கும், தென்கடல் அமைதியாக இருக்கும். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் இது அப்படியே திரும்பும்: தென்கடல் எகிறும், வடகடல் தெளியும். ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு பக்கம் கால் நனைக்கலாம். கடல்சார் கல்விக்கு இதைவிட வசதியான ஊர் எனக்குத் தெரிந்து இல்லை.

டிசம்பர், ஜனவரியில் வரும் குழுவுக்குத் தென்கடல் கரைகள்: வேதாளை, சீனியப்பா தர்கா பக்கம், புதுமடம், குந்துகால். ஜூலை, ஆகஸ்டில் வருகிற குழுவுக்கு வடகடலின் கடல்புல் வெளிகள். கரையோரத்தில் இடுப்பளவு நீரிலேயே ஊரார் தாழை என்று சொல்லும் அந்தப் புல் விரிந்து கிடக்கும். ஆவுளியாவுக்கென 2022 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்த நாட்டின் முதல் காப்பகம் இதே வடகடலில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரில் இருக்கிறது. அதன் அடிப்படை இந்தப் புல். புல்லைப் பார்க்காமல் ஆவுளியாவைப் புரிந்துகொள்ள முடியாது. நம் கல்லூரிகளோ பாதி ஆண்டு போன பிறகுதான் பயணத்தைப் பற்றியே யோசிக்கின்றன. வடகடலின் நல்ல பருவம் அதற்குள் கடந்துவிடுகிறது.

இங்கே ஓதத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. குஜராத் கரைபோல மைல் கணக்கில் கடல் விலகாது. ஆகவே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களைத் தவறவிட்டால் பாதிப் பாடம் தண்ணீருக்கடியில் போய்விடும். தேதியைக் கல்லூரி அலுவலகத்து நாட்காட்டியைப் பார்த்துக் குறிக்காமல், ஊர்ப் படகுக்காரரிடம் கேட்டுக் குறிக்க வேண்டும் என்பேன்.

போனால் எதைச் செய்வது? முன்பெல்லாம் பதில் சுலபம். வாளியும் ஃபார்மலினும் கொண்டுபோய்க் கிடைத்ததை அள்ளி வருவார்கள். கல்லூரி அருங்காட்சியகத்தில் இன்றும் வெளிறிப்போய் நிற்கும் நட்சத்திர மீனும் கடல் அட்டையும் கடல் குதிரையும் அப்படி வந்தவைதான். 2001-இல் பவளங்கள், கடல் விசிறிகள், கடல் அட்டைகள், கடல் குதிரைகள், சில சங்கு வகைகள் ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அள்ளிக்கொண்டு போவது குற்றம். கல்லூரிகளில் விலங்குகளை அறுத்துப் பார்ப்பதைப் படிப்படியாக நிறுத்தச் சொல்லிப் பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் வழிகாட்டி வெளியிட்டது. பல ஆசிரியர்கள் இதை இழப்பாகப் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அள்ளுவது நின்ற பிறகுதான் பார்ப்பது தொடங்க முடியும். 1998, 2010, 2016 என்று கடல் வெப்பம் ஏறிப் பவளங்கள் வெளுத்த கடல் இது. தீவுகளில் இரண்டு ஏற்கனவே நீருக்குள் போய்விட்டன. இங்கிருந்து ஒரு கிளையைக்கூட ஒடித்துப் போக நமக்கு மனம் வரக் கூடாது.

பார்ப்பதற்கும் முறை உண்டு. ஒரு மீட்டர் சதுரச் சட்டம் ஒன்றைக் குழாயில் செய்து கடல்புல் மேல் வைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று எண்ணிக் குறிப்பது ஒரு காலை வேலை. இன்னொரு விடியலில் பாம்பன் இறங்குதளம். வலையிலிருந்து வந்த மீனை இனம் பிரித்து, எடை கேட்டு, எழுதுவது. நாட்டின் கடல்மீன் பிடிப்புக் கணக்கு முழுவதும் இப்படித் தளம் தளமாக மாதிரி எடுத்துத்தான் உருவாகிறது. புள்ளியியல் வகுப்பில் தூங்கிய பிள்ளைகூட ஏலக்காரரின் குரலுக்கு நடுவே நின்று எண்ணும்போது மாதிரியெடுத்தல் என்றால் என்ன என்று புரிந்துகொள்ளும்.

சில நாள் இறங்குதளம் வெறிச்சோடிக் கிடக்கும். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை படகுகளைப் பிடித்துக்கொண்டு போயிருக்கும். ஊர் வேலைநிறுத்தத்தில் இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்றால் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்படிப்பட்ட நாளில் வந்த குழு ‘புரோகிராம் போச்சு’ என்று முகம் சுளிக்கக் கூடாது. வீட்டுத் தலைவர் வவுனியாச் சிறையிலோ யாழ்ப்பாணச் சிறையிலோ இருக்கும் தெருவில் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டு நடக்கக் கூடாது என்பதையும் யாராவது முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

பாசி எடுக்கும் அக்காமார்

இந்தக் கட்டுரையை எழுத நான் உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

நுண்ணுயிரியல் படிக்கும் எந்த மாணவியும் முதல் பருவத்திலேயே அகரை உருக்கித் தட்டில் ஊற்றி, ஆறவைத்து, பாக்டீரியா வளர்ப்பாள். அகர் கடற்பாசியிலிருந்து வருகிறது என்று தேர்விலும் எழுதுவாள். அதை எடுக்கிற கை எப்படியிருக்கும் என்று அவளுக்கு யாரும் காட்டியதில்லை. பாம்பன் சின்னப்பாலத்திலும் மண்டபம் சுற்றுவட்ட ஊர்களிலும் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள், கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் பை. மூச்சைப் பிடித்து இறங்கி, பாரில் ஒட்டியிருப்பதைப் பறித்து மேலே வருவார்கள். மரிக்கொழுந்து அகருக்கு. கஞ்சிப்பாசியும் அதற்கே. கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் அல்ஜினேட்டுக்கு. நான்கு லத்தீன் பெயர்களை உருப்போட்டு மறக்கும் பிள்ளைகள், இந்த நான்கு பெயர்களை ஒரே காலையில் கற்றுக்கொண்டு மறக்கவே மாட்டார்கள். எது எந்த ஆழத்தில், எந்த மாதம் தழையும், எதை வேரோடு பிடுங்காமல் நுனி பறித்தால் மறுபடி வளரும் என்பதெல்லாம் அந்த அக்காமார் வாயிலிருந்து வரும்.

1986-இல் பூங்கா அறிவிக்கப்பட்ட பிறகு தீவுகளை நெருங்குவது அவர்களுக்குச் சட்டமீறல் ஆயிற்று. அம்மாவோடும் அப்பத்தாவோடும் போய்வந்த பாரில் அபராதமும் பறிமுதலும். அவர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி, இந்தப் போராட்டத்துக்கும் பாதுகாப்புக்குமாக 2015-இல் தீவுச் சூழல் காப்போருக்கு அளிக்கப்படும் சீக்காலஜி பரிசைப் பெற்றார். பாம்பன் பாலத்தின் மீது போகும் எந்தக் கல்லூரிப் பேருந்திலாவது அந்தப் பெயர் உச்சரிக்கப்படுகிறதா?

அனுமதிக் கடிதத்தோடு வரும் மாணவி தீவில் இறங்கலாம், மூன்று தலைமுறையாக அந்தப் பாரை அறிந்த பெண் இறங்கக் கூடாது என்ற நிலை ஏன் வந்தது, அது சரியா, பாதுகாப்புக்கு வேறு வழி உண்டா என்பதைப் பேசாமல் ஒரு சூழலியல் வகுப்பு முழுமை பெறாது. இன்னொரு பக்கத்தையும் பேச வேண்டும். கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை முனைக்காட்டிலும் ராமேஸ்வரம் தீவின் வடகரையிலும் மூங்கில் மிதவைகளில் கட்டி 45 நாளில் அறுவடை செய்கிறார்கள். பெண்களுக்கு இது நல்ல வருமானம் கொடுத்தது. அதே பாசி குருசடைப் பவளங்களின் மேல் படர்ந்துவிட்டதை ஆய்வாளர்கள் 2008-இல் பதிவு செய்தார்கள். வாழ்வாதாரமா பவளமா என்று பட்டிமன்றம் நடத்திவிட்டுப் போகலாம். மிதவைக்குப் பக்கத்தில் இடுப்பளவு நீரில் நின்று இரண்டு தரப்பையும் கேட்ட பிள்ளைக்கு அந்தப் பட்டிமன்றம் போதாது என்று தெரிந்துவிடும்.

ஆகவே என் கோரிக்கை இது. இந்தக் கரைக்கு வரும் கல்லூரிகள், பாசி எடுக்கும் பெண்ணையும் சங்கு குளிப்பவரையும் வத்தை என்னும் சிறுபடகை ஓட்டுபவரையும் ‘லோக்கல் கைடு’ என்று அழைக்காமல் ஆசிரியராக ஏற்க வேண்டும். சிறப்பு விருந்தினர் பேராசிரியருக்குக் கொடுக்கும் மதிப்பூதியம் அவர்களுக்கும் உரியது. ஒரு நாள் கடலுக்குப் போகாமல் நம் பிள்ளைகளோடு நின்றால் அந்த நாள் வருமானம் போகும். சால்வை போர்த்தி அதை ஈடுகட்ட முடியாது. அறிக்கையில் ‘உள்ளூர் மீனவர் கூறினார்’ என்று எழுதாமல், அவர்கள் சம்மதித்தால் பெயர் சொல்லி எழுத வேண்டும். லோ பியாங்கோவை நேப்பிள்ஸ் அப்படித்தான் உருவாக்கியது. நம் கரையில் லோ பியாங்கோக்கள் இல்லாமல் இல்லை.

தண்ணீர், சோறு, கழிப்பறை

விருந்தோம்பல் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். முப்பது பேர் நான்கு நாள் தங்கினால் முதல் கேள்வி குடிநீர். ராமநாதபுரம் காவிரிக் கூட்டுக்குடிநீர் வருகிற மாவட்டம். வராத நாளில் குடம் கணக்கில் விலை கொடுத்து வாங்கும் ஊர்கள். கடலில் இறங்கி வந்த ஒவ்வொருவரும் உப்பு போகக் குளிப்பதற்கு ஊற்றும் தண்ணீர், பக்கத்து வீட்டுப் பெண் வரிசையில் நின்று பிடிக்கும் தண்ணீர்தான். வாளி அளவு வைப்பதைப் பிள்ளைகள் முதல் நாள் முணுமுணுப்பார்கள், இரண்டாம் நாள் புரிந்துகொள்வார்கள்.

சாப்பாட்டை ஊர்ப் பெண்கள் குழுவிடம் கொடுப்பது நல்லது. தொண்டிக்குப் பக்கத்தில் காரங்காட்டில் வனத்துறையும் ஊராரும் சேர்ந்து அலையாத்திக் காட்டில் படகு விடுகிறார்கள், அங்கேயே ஊர்ச் சமையல் சாப்பாடும் கிடைக்கிறது. வருகிறவரின் பணம் ஊருக்குள் தங்க வேண்டும் என்பதற்கு மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் உதாரணம் அது. கழிப்பறையைப் பற்றிப் பேசக் கூச்சப்படும் நிறுவனங்கள் மாணவிகளை அழைக்கவே கூடாது. காலை ஐந்தரைக்குக் கரைக்குப் போய்ப் பத்து மணிவரை நிற்கும் நிரலில், மாற்றுடைக்கும் கழிப்பறைக்கும் வழி செய்யாததால் தண்ணீரே குடிக்காமல் வெயிலில் நிற்கும் பெண் பிள்ளைகளை எத்தனையோ முறை பார்த்தாகிவிட்டது.

படகு இன்னொரு கவலை. மீன்பிடிக்கப் பதிவான படகு பயணிகளை ஏற்றுவதற்கானது அல்ல. ஆசைப்பட்டுக் கேட்கும் கல்லூரிக்கும் மறுக்க மனமில்லாத அண்ணனுக்கும் நடுவே பிள்ளைகளின் உயிர் இருக்கிறது. மிதவைச் சட்டை இல்லாமல் ஒருவர்கூட ஏறக் கூடாது. தீவுக்குப் போக வேண்டுமென்றால் வனத்துறை நடத்தும் குருசடைப் படகுப் பயணம் இருக்கிறது. கரையோரப் பாடத்துக்குப் படகே தேவையில்லை, முழங்கால் நீர் போதும். பாரின் மேல் மட்டும் மிதிக்கக் கூடாது. அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர்கூட இல்லை. எல்லைக் கடல் என்பதால் அடையாள அட்டையும் கடலோரக் காவல் படைக்கு முன்தகவலும் வேண்டும்; டிரோனை ஊரிலேயே வைத்துவிட்டு வரலாம்.

இரவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பகலில் பார்த்ததைப் பெயர் சேர்த்து, குறிப்பேட்டில் எழுதி, இனம் தெரியாததைப் புத்தகத்தில் தேடி, சண்டை போட்டு முடிவுக்கு வருவது இரவில்தான். ஒரு நாள் பயணத்தில் இல்லாமல் போவது இந்த இரவு. விளக்கடியில் உட்கார்ந்து ஒரே சங்கு ஓட்டுக்காக இரண்டு குழுக்கள் ஒரு மணி நேரம் வாதாடுவதைப் பார்க்கும்போது, எந்த அரங்கிலும் நடக்காத படிப்பு நடக்கிறது என்று மனம் நிறைந்துவிடும்.

ஊருக்கு என்ன மிஞ்சுகிறது

பிள்ளைகள் எழுதும் அறிக்கை எங்கே போகிறது? ஆங்கிலத்தில் தட்டச்சாகி, நீல அட்டை போட்டு, துறை அலமாரியில் சேர்கிறது. எண்ணியது இந்தக் கரையில். எண்ணிக்கை இந்தக் கரைக்குத் திரும்பி வருவதே இல்லை. இது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். ஆண்டுதோறும் அதே இடத்தில் அதே சதுரச் சட்டத்தை வைத்து ஒவ்வொரு கல்லூரியும் கடல்புல்லை எண்ணி, அந்தக் கணக்கு ஒரே பதிவேட்டில் சேர்ந்திருந்தால், பத்தாண்டில் எந்தப் பெரிய ஆய்வுத் திட்டமும் தராத வரலாறு நம் கையில் இருந்திருக்கும். பதிவேடு மண்டபத்தில் எந்த நிறுவனத்தில் இருந்தாலும் சரி, ஊராட்சி நூலகத்தில் இருந்தாலும் சரி. தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் ஊருக்குக் கட்டாயம் வேண்டும்.

அதை ஊர் கேட்க வழியும் இருக்கிறது. பாம்பனிலிருந்து 2016 ஆகஸ்ட் முதல் ‘கடல் ஓசை’ 90.4 என்ற சமுதாய வானொலி மீனவர்களுக்காகவே ஒலிபரப்பாகிறது. காற்றும் கடல் நிலையும் சொல்லும் அந்த அலைவரிசையில், வெளியூர்ப் பிள்ளைகள் தாங்கள் கண்டதைப் பத்து நிமிடம் தமிழில் சொல்லட்டும். தவறாகச் சொன்னால் கேட்டுக்கொண்டிருக்கும் ஆயிரம் மீனவர்கள் திருத்துவார்கள். அப்படியொரு வாய்மொழித் தேர்வை எந்தப் பல்கலைக்கழகமும் வைக்க முடியாது.

வரும் ஆண்டுப் பயணத்துக்குத் திட்டமிடும் துறைத் தலைவர்கள் இப்போதே செய்ய வேண்டியவை சில. வடகடலின் கடல்புல்லைப் பார்ப்பதென்றால் ஆடி, ஆவணியில் ஓர் அமாவாசையை ஒட்டி நான்கு நாள் ஒதுக்க வேண்டும். தென்கடலென்றால் தை மாதம். தேசியப் பூங்காவுக்குள் ஆய்வுப் பணி ஏதும் உண்டென்றால் வனத்துறைக்குப் பல மாதம் முன்பே எழுத வேண்டும். ஆராய்ச்சி நிலையங்களுக்கு எழுதும்போது ‘பார்வையிட அனுமதி’ என்று கேட்காமல், எந்தப் பாடத்துக்கு எந்த விஞ்ஞானியோடு எத்தனை மணி நேரம் வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. பேருந்தில் ஐம்பது பேரை அடைக்காமல் இருபத்தைந்து பேராக இரண்டு முறை வரலாம். தனுஷ்கோடியில் 2025 ஜூனில் அறிவிக்கப்பட்ட பூநாரைச் சரணாலயத்துக்கு ஒரு மாலை போதும். பறவைகள் அப்போது இருக்கின்றனவா என்று முன்பே கேட்டுக்கொள்ளலாம். செலவுக் கணக்கில் பேருந்து, தங்குமிடம், சாப்பாடு என்று எழுதும் தாளில், அதற்கு மேலே முதல் வரியாக ‘கரை ஆசிரியர்களுக்கு மதிப்பூதியம்’ என்று எழுதி, தொகையைச் சின்னப்பாலத்துச் சங்கத்திடமே கேட்டு நிரப்புங்கள்.